உடையார்குடிக் கல்லும் ஒரு வாரப் பத்திரிகையும்: கல்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு கல்வெட்டு. கோ இராஜகேசரிவர்மரின் 2-ஆம் ஆட்சியாண்டு என்று அதில் காலம் குறித்திருக்கிறது. முதலாம் இராஜராஜனுடையது என்பதே பெரும்பாலோர் முடிவு. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரின் நிலமும் உடைமையும், அவர்களுடைய உறவின்முறையாரின் உடைமையும் பறிக்கப்பட்ட செய்தி அதில் இருக்கிறது.

அவ்வளவுதான். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனை ஏன் கொன்றார்கள், எந்த ஊரில் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று ஒரு வரி கிடையாது. கல்லுக்கு அது வேலையும் இல்லை. அது நிலக்கணக்கு.

கல்லில் இல்லாத அந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு, 1950 அக்டோபர் 29-ஆம் தேதி ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் தன் பத்திரிகையிலேயே ஒரு தொடர்கதையை ஆரம்பித்தார். 1954 வரை, மூன்றரை ஆண்டு ஓடிய தொடர் அது. முதல் பாகம் 57 அத்தியாயம், ஐந்தாம் பாகம் மட்டும் 91. 'பொன்னியின் செல்வன்' படிக்காத தமிழ் வீட்டில்கூட நந்தினி யார் என்று தெரிந்திருக்கும் அளவுக்கு அது ஊறிப்போய்விட்டது.

கல்கியைப் பற்றிப் பேசும்போது, பத்திரிகையாளராக இருந்து சரித்திர நாவலாசிரியராக மாறியவர் என்று சொல்வது வழக்கம். அந்த 'மாறியவர்' என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து போய் நாவல் எழுதவில்லை. தலையங்கம் எழுதிய அதே மேசையில், அதே அச்சுக்கூட நெருக்கடிக்குள் உட்கார்ந்துதான் பல்லவனையும் சோழனையும் எழுதினார். அந்த நாவல்களின் பலம் எல்லாமே பத்திரிகை கொடுத்தது. பலவீனங்களில் பெரும்பாலானவையும் அங்கிருந்து வந்தவைதான். இந்த ஆய்வு அதைத்தான் பார்க்கப் போகிறது.

மேசைக்கு வந்த வழி

கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி மணல்மேட்டுக்கு அருகில் புத்தமங்கலத்தில் பிறந்தார். அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டம். இந்த ஊரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். திருச்சியில் பள்ளி இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கம் வந்தது. படிப்பை விட்டார். 1922-ல் ஓராண்டுச் சிறை. வாழ்நாளில் மூன்று முறை சிறை சென்றார், இது முதல் முறை.

1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணையாசிரியராகச் சேர்ந்தார். தமிழை மேடையிலும் பத்திரிகையிலும் ஏற்றியவர் திரு.வி.க. ஆனால் அவர் நடை கோயில் தேர் மாதிரி, பார்க்கப் பார்க்க அழகு, நகர நாலு பேர் வேண்டும். அவரிடம் ஐந்தாண்டு புரூப் திருத்தியும் செய்தி எழுதியும் பழகிய இளைஞர், வெளியே வரும்போது சைக்கிளில் போகிற தமிழோடு வந்தார். குருவின் நடையைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் தனக்கு எது வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். திரு.வி.க. மேல் அவருக்கு இருந்த மரியாதை அதனால் குறையவில்லை.

அடுத்தது திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். ராஜாஜி அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார், கல்கி துணை நின்றார். அந்தப் பத்திரிகை அதிக நாள் வரவில்லை. ஆனாலும் என் கணக்கில் அவருடைய வாழ்க்கையிலேயே முக்கியமான பயிற்சிக்கூடம் அதுதான். கள் குடிக்காதே என்ற ஒரே விஷயத்தை இதழுக்கு இதழ் சொல்ல வேண்டும், படிக்கிறவன் கொட்டாவி விடக்கூடாது. உபதேசம் இரண்டாவது இதழிலேயே தீர்ந்துவிடும். கதைதான் கைகொடுக்கும். ஒரு கொள்கையைக் கதையின் முதுகில் ஏற்றி அனுப்பும் வித்தையை அவர் அங்கே கற்றார். பத்தாண்டு கழித்து அதே வித்தை சோழ இளவரசனின் முதுகில் சுதந்திரத்தை ஏற்றி அனுப்பியது.

'ஆனந்த விகடன்' காலம் எல்லோரும் அறிந்ததுதான். எஸ்.எஸ். வாசன் 1931-ல் அவரை ஆசிரியராக்கினார். 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம், 'கல்கி' என்ற பெயரில் நகைச்சுவை, பயணக் கட்டுரை, அரசியல் என்று ஓர் இதழில் பல வேடம் போட்டார். 1937-ல் 'கள்வனின் காதலி' தொடர். பிறகு 'தியாகபூமி'. கே. சுப்ரமணியம் எடுத்த படத்தின் காட்சிப் படங்களே அந்தத் தொடருக்குச் சித்திரங்களாக வந்தன. 1939-ல் வெளியான படத்தை பிரிட்டிஷ் அரசு பிறகு தடை செய்தது. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் இறங்குவதற்காக விகடனை விட்டார், மூன்று மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்டு 1-ஆம் தேதி 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான முதலுக்காகத்தான் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக வேடம் கட்டினார்.

சொந்தப் பத்திரிகை, உலகப் போர் நடக்கிற நேரம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு, தலைக்கு மேல் தணிக்கை. அந்த நிலையில் புதுப் பத்திரிகை நிற்க ஒரு தொடர்கதை வேண்டும்.

முதல் சரித்திரம்: கப்பம் கட்ட மறுத்தவன்

1941 அக்டோபரில் 'பார்த்திபன் கனவு' வரத் தொடங்கியது. ஆகஸ்டில் பத்திரிகை, அக்டோபரில் சரித்திரக் கதை. ஏன் சரித்திரம்? சோழநாடு அப்போது சிற்றரசு, காஞ்சிப் பல்லவனுக்குக் கப்பம் கட்டுகிறது. பார்த்திபன் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் சாகிறான். மகன் விக்கிரமன் உறையூரில் புலிக்கொடியை ஏற்ற முயல்கிறான், கைதாகிறான், கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். கொடி ஏற்றியதற்குச் சிறை, அரசை எதிர்த்தால் தீவாந்திரம். 1941-ல் இதைப் படித்த தமிழனுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. தலையங்கத்தில் எழுதினால் தணிக்கை அதிகாரி கத்தரிப்பார், ஏழாம் நூற்றாண்டு உறையூரில் எழுதினால் அவருக்கு அங்கே அதிகாரம் இல்லை.

ஆனால் அந்த நாவலில் என்னைத் தொடுவது வேறு இடம். அந்த ஆக்கிரமிப்பாளன் நரசிம்ம பல்லவன் கெட்டவனாக இல்லை. சிவனடியார் வேடத்தில் வந்து, தான் தோற்கடித்த சோழனின் கனவை அவனே நிறைவேற்றி வைக்கிறான். எதிரியின் மனம் மாறும் என்று நம்பிய காந்தியவாதி எழுதிய கதை என்பது அதில் தெரிகிறது. அரசியல் எழுத்தாளன் பகைவனை அரக்கனாக்கிவிட்டால் வேலை சுலபம். கல்கி அந்தச் சுலபத்தைத் தொடவில்லை.

அந்த நரசிம்மன் யார், அவன் மனத்தில் ஏன் இவ்வளவு பாரம் என்ற கேள்வி கதைக்குள்ளேயே நின்றுவிட்டது. 1944-ல் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' அதற்குப் பதில். காலத்தில் முந்திய கதை, எழுதியதில் பிந்தியது. இதற்கான விதை வேறு இடத்திலும் இருந்தது. ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு நிலவிரவில் இந்தக் கதை கண்முன் விரிந்ததாகக் கல்கியே முன்னுரையில் சொல்கிறார். அஸ்திவாரம் என்னவோ மெல்லியதுதான். வாதாபி தொன்னகரம் துகளானதைப் பற்றிச் சேக்கிழார் சிறுத்தொண்டர் புராணத்தில் சொல்லும் ஒரு பாட்டு, யுவான் சுவாங்கின் குறிப்புகள், மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்', சில கல்வெட்டுகள். சிவகாமி இவற்றில் எதிலும் இல்லை. அவள் முழுக்கக் கல்கியின் பெண்.

முடிவை நினைத்துப் பாருங்கள். வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, ஆனால் நரசிம்மனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது. சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஆடித் தன்னை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கிறாள். போரில் ஜெயித்த அரசனைப் பற்றிய கதையைத் தோற்ற பெண்ணின் ஆட்டத்தில் முடிக்கும் துணிச்சல், விற்பனையை நம்பி நடக்கும் பத்திரிகையின் ஆசிரியருக்கு இருந்தது. அவருடைய மூன்று சரித்திர நாவல்களில் கலைப்படைப்பாக முழுமை பெற்றது இதுதான் என்பேன். 'பொன்னியின் செல்வன்' பக்தர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஓர் அத்தியாயத்தைப் பிரித்துப் பார்த்தால்

எங்கள் வீட்டில் பாட்டி பைண்டு பண்ணி வைத்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை, வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து நூல் போட்டுத் தைத்தது. அத்தியாயம் முடிந்த பக்கத்தின் மிச்சத்தில் ஏதாவது விளம்பரம், பாதியில் நிற்கும் ஒரு துணுக்கு, நடுவே ஓவியர் மணியத்தின் படம். அதில் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதை வேறு மாதிரி மூச்சு விடும். இந்த வாரம் இவ்வளவு, அதற்கு மேல் ஒரு வாரம் பொறு என்று ஒவ்வொரு தையலும் சொல்லும். புத்தகமாகப் படிக்கும்போது 'இவர் ஏன் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்' என்று எரிச்சல் வருகிற இடங்கள் அந்தத் தையலில் படித்தால் உறுத்தாது. ஒரு வாரம் இடையில் போயிருக்கிறது, வாசகிக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

முதல் அத்தியாயம், 'ஆடித் திருநாள்'. கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி நேயர்களை அழைக்கிறார். விநாடிக்கு ஒரு நூற்றாண்டு வேகத்தில் 982 வருஷம் பின்னால் போகலாம் என்கிறார். 1950-லிருந்து கழித்தால் 968. இப்படிக் கணக்கைப் பத்திரிகை தேதியிலிருந்து எண்ணியதைக் கவனிக்க வேண்டும். வாசகி கையில் இருக்கும் இதழின் மேல்மூலையில் அச்சடித்த தேதிதான் அந்தப் பயணத்தின் புறப்படுமிடம்.

ஓடம் போய் நிற்கும் இடம் தஞ்சை அரண்மனை இல்லை, போர்க்களமும் இல்லை. வீரநாராயண ஏரிக்கரை, இன்றைய வீராணம். பதினெட்டாம் பெருக்கு. புது வெள்ளம் 74 கணவாய்களில் பாய்கிறது, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வருகிறார்கள், ஓடப்பாட்டுப் பாடுகிறார்கள். அந்த ஏரிக்கரையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான்.

முன்பு புத்தமங்கலத்தை மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கிருந்து வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் காட்டுமன்னார்கோயில் சீமை. வீராணம் அந்தப் பக்கத்து ஏரி. அதாவது ஆசிரியர் தன் பெரிய நாவலைத் தான் பிறந்த ஊருக்கு அக்கரையில் தொடங்குகிறார். உடையார்குடிக் கல்வெட்டும் அதே ஏரியின் பக்கத்தில்தான் இருக்கிறது. கொலைகாரர்களின் நிலம் பறிமுதலான சதுர்வேதிமங்கலத்தின் பெயரும் ஏரியின் பெயரும் ஒன்றே. வந்தியத்தேவன் குதிரையில் வந்து நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்க்கும் அந்தக் கரைக்கும், பின்னாளில் தீர்ப்பு வெட்டப்பட்ட சுவருக்கும் நடுவே நடந்தே போகிற தூரம்தான். குற்றச் செய்தி எழுதும் நிருபர் சம்பவ இடத்துக்குப் போய் நின்றுகொண்டு முதல் வரியை எழுதுவது போல அவர் ஆரம்பிக்கிறார். வாசகருக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை.

வந்தியத்தேவனும் அந்த நிருபர்தான். கையில் ஓலை, கண்ணில் ஆவல், வாயில் கேள்வி. கடம்பூரில் நள்ளிரவில் கேட்கக்கூடாததைக் கேட்கிறான், குடந்தையில் ஜோசியர் வீட்டில் நுழைகிறான், தஞ்சையில் பழுவேட்டரையரின் நிலவறையில் மாட்டிக்கொள்கிறான், பழையாறை, கோடியக்கரை, அங்கிருந்து இலங்கை. அவன் எந்த முடிவும் எடுப்பவன் அல்ல. போகிறான், பார்க்கிறான், கேட்கிறான், கொண்டுவந்து சேர்க்கிறான். 'சிவகாமியின் சபத'த்தில் பரஞ்சோதிக்கும் இதே வேலைதான். கிராமத்துப் பையன் நகரத்துக்கு வருகிறான், அவன் கையிலும் ஓர் ஓலை திணிக்கப்படுகிறது. இரண்டு பெரிய நாவல்களையும் ஊருக்குப் புதியவன் ஒருவன் வழியாகத் திறந்தது தற்செயல் இல்லை. வாசகருக்குத் தெரியாததெல்லாம் அவனுக்கும் தெரியாது, அவன் கேட்பது வாசகர் கேட்க நினைப்பது. நிருபரின் உத்தியைக் கதாநாயகனாக்கிவிட்டார்.

வல்லவரையர் வந்தியதேவர் உண்மையில் இருந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை அவருடைய தேவி என்று சொல்கிறது. ஒரு கணவனின் பெயர், அதற்கு மேல் அந்தக் கல்லில் இல்லை. பெயரை எடுத்து ஆளைச் செய்தார்.

கோடியக்கரையையும் சொல்லாமல் போக மனமில்லை. அங்கே குழகர் கோயில். கடற்காற்று வந்து மோதும் கரையில் அக்கம்பக்கத்தில் ஒரு குடிகூட இல்லாமல் நீர் யாரைத் துணையாகக் கொண்டு இருக்கிறீர் என்று சுந்தரர் குழகரைப் பார்த்து உருகிக் கேட்கிறார். அந்தத் தனிமையிலிருந்துதான் படகுக்காரப் பெண் பூங்குழலி பிறந்தாள் என்பது என் எண்ணம். கல்வெட்டு கொலையைக் கொடுத்தது, தேவாரம் காற்றைக் கொடுத்தது. இலங்கைப் பகுதியை எழுதுவதற்கு மணியத்தை அழைத்துக்கொண்டு அவர் இலங்கைக்கே போனார். ஓவியரைக் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போவது பத்திரிகை அலுவலகத்துப் பழக்கம்.

ஆய்வாளர் சண்டையும் அவர் சொன்ன தீர்ப்பும்

ஆதித்த கரிகாலன் செத்த பிறகு பட்டத்துக்கு வந்தவர் உத்தம சோழர். ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆட்சி. கொலையாளிகள் மீதான நடவடிக்கையோ அடுத்து வந்த இராஜராஜனின் 2-ஆம் ஆண்டுக் கல்வெட்டில்தான் தெரிகிறது. நடுவே இத்தனை ஆண்டு சும்மா இருந்தது ஏன்? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தமருக்குக் கொலையில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றின் முதல் பகுதி வெளியானது 1949-ல். அடுத்த ஆண்டு தொடர்கதை தொடங்குகிறது. வழக்கு சூடாக இருந்த நேரம்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. விண்ணுலகைக் காணும் ஆசையால் ஆதித்தன் மறைந்தான் என்று மழுப்பலாகச் சொல்லிவிட்டு, குடிமக்கள் ஆதித்தனின் தம்பி அருள்மொழியை, அதாவது பின்னாளைய இராஜராஜனை, ஆட்சி ஏற்கும்படி வேண்டியதையும், சிறிய தந்தை உத்தமருக்கு அந்த நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் நினைக்கமாட்டேன் என்று அவன் ஒதுங்கியதையும் அது சொல்கிறது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர் வந்த ஊற்று இது.

உத்தமர் குற்றவாளியா, நிரபராதியா? கல்கி செய்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அவர் ஒரு உத்தமரை இரண்டு பேராகப் பிளந்துவிட்டார். சிம்மாசன ஆசை பிடித்து நள்ளிரவுச் சதியில் உட்காரும் மதுராந்தகன் ஒருவன். அவன் உத்தமரின் தாய் செம்பியன் மாதேவியின் சொந்தப் பிள்ளையே அல்ல. பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் இன்னொருவன். உண்மையான இளவரசன் அவன்தான், கடைசியில் முடிசூடுபவனும் அவன்தான். சாஸ்திரியின் சந்தேகம் முதல் ஆள் மேல் போகிறது, பண்டாரத்தாரின் மறுப்பு இரண்டாம் ஆளைக் காப்பாற்றுகிறது. செப்பேட்டில் உள்ள தியாகமும் அப்படியே நிற்கிறது. இரு தரப்பு வாதத்தையும் போட்டு, யாரையும் அவமதிக்காமல் தீர்ப்பு எழுதும் ஆசிரியரின் கை இது. போலி மதுராந்தகன் கதையைவிட்டு ஓடிப் பிற்காலத்தில் இராஜராஜன் வென்ற அமரபுஜங்க பாண்டியன் ஆகிறான் என்று முடிவுரையில் அதையும் செப்பேட்டோடு முடிச்சுப் போடுகிறார்.

'பார்த்திபன் கனவு' வந்தபோது கேள்வி, அந்நியனிடமிருந்து நாட்டை எப்படி மீட்பது என்பது. 1950-ல், குடியரசான அதே ஆண்டில், கேள்வி மாறிவிட்டது. நாடு கைக்கு வந்தாயிற்று, யார் ஆள்வது? கோஷ்டி, உறவு, பேரம், நடுராத்திரிக் கூட்டம். பதவியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொருவருக்குக் கொடுப்பவன் அங்கே கதாநாயகன். 1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோதும் இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகையின் முன்பக்கங்களில் அரசியல், நடுப்பக்கங்களில் சோழர்.

பத்திரிகை பிடுங்கிக்கொண்டது

கெடுதல்களையும் சொல்ல வேண்டும். ஒட்டுக்கேட்பதை எண்ணத் தொடங்கினால் கை வலிக்கும். மண்டபத்துக்குப் பின்னால், மரத்தின் மேல், புதருக்குள் எப்போதும் யாரோ இருக்கிறார்கள். மாறுவேடம், உருவ ஒற்றுமை, கடைசி நொடியில் வந்து காப்பாற்றுவது எல்லாம் வாரக்கடைசி முடிச்சுக்காகப் போட்டவை. புதுமைப்பித்தன் போன்றவர்கள் தழுவல் என்றும் ஆழமில்லை என்றும் கல்கியோடு மோதினார்கள். அந்தச் சண்டையில் கல்கி பக்கம் முழு நியாயம் இருந்தது என்று சொல்லமாட்டேன். மனித மனத்தின் இருட்டுக்குள் இறங்கி உட்கார வாரத்தொடர் விடாது. நந்தினி ஒருத்திதான் அந்த இருட்டோடு வருகிறாள், அவளைக்கூட முழுதாகத் திறக்காமலே அனுப்பிவிட்டார்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது ரவிதாசன். கல்லில் அவன் பஞ்சவன் பிரமாதிராசன், உயர்ந்த அதிகாரிகளுக்கு அரசு கொடுக்கும் பட்டம் அது. தம்பியின் பட்டத்தில் சோழன் பெயரே இருக்கிறது. கொலை அரண்மனைக்கு வெளியிலிருந்து வந்ததா, அரசாங்கத்துக்கு உள்ளேயே இருந்ததா என்ற பயங்கரமான கேள்வியை அந்தப் பட்டங்கள் எழுப்புகின்றன. கல்கி அவனை மந்திரவாதியாக்கி, காட்டில் ஆந்தைபோல் கத்த வைத்து, பாண்டியனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த ஆபத்துதவிக் கூட்டத்துக்குத் தலைவனாக்கிவிட்டார். படிக்க சிலிர்ப்பாக இருக்கிறது. ஆனால் பேனா பிடித்த, கையெழுத்துப் போட்ட, நிர்வாகத்தில் இருந்த ஒரு கொலைகாரன் தமிழ் நாவலுக்குக் கிடைக்காமல் போனான். அரசாங்கத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த பத்திரிகையாளர் அவனை எழுதியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஏங்குகிறேன்.

கதையைச் சரித்திரமாக எடுத்துக்கொள்வதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கதையின் நடுவிலேயே அன்பில் செப்பேடு போன்ற ஆதாரங்களை வாசகருக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். ஆனால் ஆதாரமும் கற்பனையும் ஒரே குரலில் வரும்போது வாசகர் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மேலப்பழுவூர், கீழப்பழுவூர்க் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர்கள் பல தலைமுறையாக வருகிறார்கள். ஊரில் போய்க் கேட்டால் அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட பெரியவரைப் பற்றித்தான் பேச்சு. கல்வெட்டு ஆய்வாளர்கள் நொந்துகொள்வதில் நியாயம் உண்டு. அந்தக் கல்வெட்டைத் தேடி ஆயிரம் பேரை ஊர் ஊராக அலைய வைத்ததும் அதே கதைதான் என்பதையும் அவர்கள் மறுப்பதில்லை.

தொடர் முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே என்ற குறை எழுந்தது. நீண்ட முடிவுரை எழுதினார். கற்பனைக் கதையென்றால் பாத்திரங்களைக் கல்யாணத்திலோ சாவிலோ கொண்டுபோய் விட்டுவிடலாம், சரித்திரக் கதையில் அப்படி முடியாது, அவர்களுக்குப் பின்னால் வாழ்க்கை இருக்கிறது என்று பொறுமையாக விளக்கி, ஒவ்வொருவரும் பின்னால் என்ன ஆனார்கள் என்று பட்டியல் கொடுத்தார். கேட்டவருக்குப் பதில் போடாமல் எழுந்து போகத் தெரியாத ஆசிரியர்.

அப்போதே உடம்பு சரியில்லை. காசநோய். 'அமரதாரா' என்ற அடுத்த தொடரை ஆரம்பித்துவிட்டார். 1954 டிசம்பர் 5-ஆம் தேதி, 55 வயதில் காலமானார். 1948-49-ல் வந்த 'அலை ஓசை'க்கு 1956-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது அவர் இல்லை. 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி மிச்சத்தை எழுதி, தொடரை முடித்துக் கொடுத்தார்.